அண்டி ஆபீஸ்ல எடைக்காரன் தொந்தரவு. வேலையும் போகாம என்ன செய்யலாம்?

கொல்லமாவு நிழல்:

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா இதை எழுதுகதும் அழிக்கதுமா இருக்கேன். விளவங்கோடு தாலுகா, ஊர்ப் பேரு வேண்டாம். வயசு 31. எனக்க மாப்பிள்ளை சவூதியில. ரெண்டு பிள்ளைய. மாமி கூடத்தான் இருக்கேன். அண்டி ஆபீஸ்ல பீலிங்ல நாலு வருஷம் ஆச்சு. (வெளியூர்க்காரங்களுக்கு: அண்டி ஆபீஸ்னா முந்திரி ஆலை. ஆபீஸ்னு பேருதான், மேசையும் நாற்காலியும் எங்களுக்குக் கிடையாது. பலகை, கத்தி, தட்டு, அவ்வளவுதான்.)

போர்மாவுல (சூட்டு அறையில) வாட்டி எடுத்த பருப்பு எங்ககிட்ட வரும். தொலி களைஞ்சு, முழுசு தனி, பிளந்தது தனி, பொடி தனின்னு பிரிச்சு, தட்டுல வெச்சு தராசுக்குக் கொண்டு போணும். நாள் சம்பளம் கிடையாது, கிலோவுக்குத்தான் கூலி. அந்தத் தராசுக்குப் பின்னால நிக்கவன்தான் பிரச்சினை. எல்லாரும் அவனை அண்ணன்னுதான் கூப்பிடுவோம். அவனுக்க பெஞ்சாதியை எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முன்னால நின்னு பாடுகவன்.

ஓணத்துக்கு முந்தின வாரம் தொடங்கிச்சு. தட்டை வாங்குக சாக்குல எனக்க கையையும் சேத்துப் பிடிச்சான். தெரியாம பட்டிருக்கும்னு நெனச்சேன். மறுநாளும் அப்படியே. மூணாவது நாள், "தல்லுக்காரியளுக்க கை மாதிரி இல்ல, உனக்க கையில ஒரு கறை இல்லையே"ன்னு சொல்லிச் சிரிச்சான். (தல்லுன்னா அண்டித் தோட்டை உடைக்க வேலை, தோட்டு எண்ணெய் பட்டு கை கறுத்துப் போகும்.) நான் தட்டைப் பலகையில வெச்சுட்டு ஒரு அடி தள்ளி நிக்கத் தொடங்கினேன்.

அதுக்குப் பிறகு எடை குறைஞ்சு போச்சு. முன்ன ஒம்பது கிலோ, சில நாள் ஒம்பதரை வரும். இப்ப ஏழு. ஒருநாள் ஆறே முக்கால். கேட்டா "பொடி கூடுதல், கவனமா களை"ன்னு சொல்லுகான். தட்டுக்குன்னு கழிக்க எடையும் எனக்கு மட்டும் அரைக்கிலோ.

வேன் குரூப்புல இருந்து நம்பரை எடுத்து ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸப். "பிள்ளைய ஒறங்கியாச்சா", "மாப்பிள்ளை எப்ப வருவாரு". ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான், நான் கேட்டு முடிச்சதும் அழிச்சுட்டான். அதை இங்க எழுத முடியாது. கோட்டாறு சவேரியார் திருவிழா லீவுக்கு முந்தின நாள், வேன்ல எனக்குப் பின்சீட்டுல வந்து உக்காந்து தோள்ல கை வெச்சான். நான் எந்திரிச்சு எனக்க ஸ்டாப்பு வரை நின்னுக்கிட்டே வந்தேன்.

மாமிகிட்ட சொன்னா மறுநாளே வேலைய நிறுத்திருவா. மாப்பிள்ளைகிட்ட சொன்னா அங்க ஒறக்கம் கெடும். எங்களுக்கு ஆபீஸ்ல ஐடி கார்டு ஒண்ணும் கிடையாது, வாரக் கூலிச் சீட்டு மட்டும்தான். எங்களை மாதிரி ஆளுகளுக்குச் சட்டம் உண்டா? யாருகிட்டப் போய்ச் சொல்லணும்?

பாலத்தடி சாயா:

தங்கச்சி, சொல்லுகேன்னு கோவிக்காதே. மார்த்தாண்டத்துல இருந்து குலசேகரம் வரை அண்டி ஆபீஸுக்கா பஞ்சம்? கைத்தொழில் தெரிஞ்சவளுக்கு எங்க போனாலும் வேலை உண்டு. வம்புக்குப் போனா ஊரு ஒன்னையதான் பேசும்.

கொல்லமாவு நிழல்:

அண்ணா, வேற ஆபீஸு வேன் எங்க முக்குக்கு வராது. நாலேகாலுக்கு எனக்க கொச்சு பள்ளிக்கூடம் விட்டு வரும். அதுவும் போக, நான் எந்திரிச்சா அந்தப் பலகையில வேறொருத்தி வந்து உக்காருவா. அவன் அங்கதானே நிப்பான்.

வடசேரி வெத்தலை:

மக்களே, நான் நாகர்கோவில். ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்சன்ல 14 வருஷம் நின்னவ. நின்னவன்னா நின்னவதான். கடைக்காரங்க உக்கார இடம் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்ததே 2021-லதான், அதுக்குள்ள எனக்கு முட்டு தேஞ்சு போச்சு. அது கிடக்கட்டும்.

நீ எழுதினதுல நான் ரெண்டு தடவை படிச்சது அந்தத் தராசு சங்கதியை. எனக்கும் இதேதான், தராசுக்குப் பதிலா செக்சன். மாடி மேனேஜர் ஒருத்தன். குடோனுக்குச் சேலை எடுக்கப் போனா பின்னாலேயே வருவான். ஒருநாள் "அண்ணாச்சி, நீங்க முன்னால போங்க, நான் பொறவு வாறேன்"ன்னு எல்லாரும் கேக்க சொல்லிட்டேன். அடுத்த வாரம் என்னைப் பட்டுல இருந்து தூக்கி உள்பாவாடை செக்சன்ல போட்டான். பட்டுல ஒரு கல்யாணப் பார்ட்டி வந்தா கமிஷனே அரை மாச மளிகைக்கு ஆகும். உள்பாவாடையில என்னத்தக் காணும்? கையால தொட்டதைவிட அதுதான் எனக்கு ரொம்ப நாள் எரிஞ்சது. தொட்டதுக்கு சாட்சி இல்ல. செக்சன் மாத்தினது ரெஜிஸ்டர்ல இருக்கு. அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டது.

நான் செஞ்ச தப்பைக் கேளு. வாயாலயே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மொதலாளிகிட்ட மூணு தடவை சொன்னேன். "பாத்துக்கிடுதேம்மா"ன்னாரு. பாத்துக்கிட்டுதான் இருந்தாரு, ஏழு மாசம். அதுக்கப்புறம்தான் ஒரு டீச்சரம்மா சொல்லித் தெரியும், வேலை எடத்துல பெண்களுக்கு நடக்குற பாலியல் தொந்தரவுக்குன்னு 2013-ல வந்த சட்டப்படி சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும்னு. தக்க காரணம் இருந்தா புகாரை விசாரிக்குற கமிட்டி இன்னும் ஒரு மூணு மாசம் கூட்டித் தரலாம். எனக்கு ரெண்டும் தாண்டிப் போச்சுன்னு அழுதேன். அந்த டீச்சரம்மாதான், "கடைசியா என்ன நடந்தது, எப்ப?"ன்னு கேட்டாங்க. தொடர்ந்து நடக்குற தொந்தரவுன்னா கடைசிச் சம்பவத்துல இருந்துதான் கணக்காம். லிஃப்ட்டுல நடந்த ஒண்ணு அப்ப ரெண்டு மாசம்கூட ஆகல. அதை வெச்சு எழுதினேன். பழசையும் தேதி போட்டு அதோட சேத்தேன்.

பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற எடத்துல இப்படி ஒரு கமிட்டி இருக்கணும். எங்க கடையில அப்படி ஒண்ணு இருந்ததா யாருக்கும் தெரியாது. நான் எழுதிக் குடுத்த ஒரே வாரத்துல முளைச்சுது பாரு, மழைக்குக் காளான் மாதிரி! தலைவர் மொதலாளி வீட்டம்மா. வெளியாள் ஒருத்தர் வேணும்னு சட்டம் சொல்லுது, அதுக்குக் கடை ஆடிட்டரைப் போட்டாங்க. தலைவரா இருக்குறவங்க அங்க வேலை பாக்குற மூத்த பெண்ணா இருக்கணும், வெளியாள் பெண்களுக்காக வேலை செய்யுற அமைப்புல இருந்தோ இந்த விஷயம் தெரிஞ்சவங்களாவோ வரணும். ஆடிட்டருக்கு இதுல என்ன தெரியும், ஜி.எஸ்.டி. தெரியும். திங்கக்கிழமை மனுநாள்ல கலெக்டர் ஆபீஸ்ல போய் வரிசையில நின்னு அதையே மனுவா குடுத்தேன். ரசீது வாங்கினேன். சமூகநல ஆபீஸுக்கு அனுப்பினாங்க. அப்புறம்தான் கமிட்டியை ஒழுங்கா மாத்திப் போட்டாங்க.

முடிவு என்னான்னா, அவனை வேற ஊர் கிளைக்கு அனுப்பினாங்க. ஒரு இன்கிரிமென்ட்டை வெட்டினாங்க. என்னைத் திரும்ப பட்டுக்கு விட்டாங்க. ஆனா கூட இருந்த பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்துல எனக்குப் பக்கத்துல உக்காரப் பயந்துச்சு. ஒரு வருஷத்துல நானே விட்டுட்டேன், இப்ப வீட்டுல தையல். இதையும் மறைக்காம சொல்லுதேன்.

உனக்கு நான் சொல்லுறது இது. பிள்ளைகளோட பழைய நோட்டு ஒண்ணு எடு. எந்தத் தேதி, எத்தன மணி, எங்க நின்ன, அவன் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்துல யாரு இருந்தா. கூச்சமா இருக்கும், கை நடுங்கும், இருந்தாலும் எழுது. ஓணத்துக்கு முந்தின கூலிச் சீட்டும் பிந்தின கூலிச் சீட்டும் எல்லாத்தையும் ஒண்ணா வை. அவன் கையைப் பிடிச்ச நாளும் எடை விழுந்த நாளும் அதுலயே ஒட்டி நிக்கும். வாட்ஸப்பை அழிச்சிராதே, அவனை இப்ப பிளாக்கும் பண்ணாதே. இனி வாய்ஸ் வந்தா ஒரு தடவை போட்டு இன்னொரு போன்ல பதிஞ்சுக்கோ. அந்தக் காலித் தட்டு உண்மையில எத்தன கிராம்? யாராவது வெச்சுப் பாத்திருக்கியளா?

குழித்துறை ஆத்தங்கரை:

அக்கா, நான் குழித்துறை கோர்ட்டுல ஜூனியரா இருக்கேன். மேல அவங்க சொன்னதெல்லாம் சரி. நான் கொஞ்சம் சேத்துச் சொல்றேன்.

ஐடி கார்டு இல்லேன்னு பயப்படவே வேண்டாம். நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, காண்ட்ராக்டர் மூலமா வந்தவங்க, எல்லாருமே இந்தச் சட்டத்துல ஊழியர்தான். உங்களை வேலைக்கு வெச்சது பெரிய மொதலாளிக்குத் தெரியாமலே இருந்தாலும் சரி. ஆபீஸ் வேனும் வேலை செய்யுற இடம்தான், அதனால தோள்ல கை வெச்சதை "அது வெளியில நடந்தது"ன்னு தள்ள முடியாது. எடையைக் குறைச்சதும் தனிக்கதை இல்ல. இணங்கலேன்னா வேலையில பாதிப்பு வரும்னு மிரட்டுறது, வேலை செய்ய விடாம இடைஞ்சல் பண்றது எல்லாத்தையும் 3-வது பிரிவுலயே எடுத்துச் சொல்லியிருக்காங்க.

புகாரை ஆறு பிரதியா குடுக்கணும், சாட்சிகள் பேரும் கையில இருக்குற ஆதாரமும் சேத்து. வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போட மாட்டேன்னாங்கன்னா சண்டை வேண்டாம், ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி ரசீதை வெச்சுக்கோங்க. உங்க ஆபீஸ்ல கமிட்டி இருந்தா அதோட பேர்ப்பட்டியல் எல்லார் கண்ணுலயும் படுற எடத்துல ஒட்டியிருக்கணும். நாளைக்கே சுவரைப் பாருங்க. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருந்தும் கமிட்டி போடாதது ஆலைக்காரங்க குத்தம், 50,000 ரூபா வரை அபராதம். அதையும் ஒரு வரி எழுதி ஒரு பிரதி கலெக்டர் ஆபீஸுக்கு. ஆள் பத்துக்குக் கீழன்னாலோ, புகாரே மொதலாளி மேலன்னாலோ மாவட்ட அளவுல இருக்குற உள்ளூர்க் குழுதான் விசாரிக்கும். மத்திய அரசோட ஷீ-பாக்ஸ்ங்கிற இணையப் புகார்த் தளத்துலயும் பதியலாம்.

விசாரணையை 90 நாள்ல முடிக்கணும். அது நடக்கும்போது அவனை வேற எடத்துக்கு மாத்தச் சொல்லியோ, உங்களுக்கு மூணு மாசம் வரை லீவு தரச் சொல்லியோ நீங்களே எழுதிக் கேக்கலாம். நீங்க கேட்டாத்தான் கிடைக்கும், அதனால மறக்காதீங்க. கமிட்டி முன்னால வக்கீல் வர முடியாது, ரெண்டு பக்கமும். (எனக்கு வருமானம் போச்சு!) "பேசி முடிச்சுக்கிடலாம்"னு யாராவது வந்தா, அந்தப் பேச்சு நீங்க கேட்டா மட்டும்தான் நடக்கணும், காசு வாங்கி முடிக்கிறதுக்குச் சட்டத்துல இடம் இல்ல.

போலீஸ் வழி இதுக்குப் போட்டி இல்ல, ரெண்டும் ஒண்ணா போகலாம். 2024 ஜூலை 1-க்கு அப்புறம் நடந்ததுன்னா பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த சட்டம்) 75-வது பிரிவு, பாலியல் தொந்தரவுக்கானது. நீங்க விரும்பி கேஸ் குடுக்கப் போனா நிர்வாகம் உதவி செய்யணும்னும் இருக்கு. ராத்திரியில பயமா இருந்தா பெண்கள் உதவி எண் 181. சட்ட உதவிக்கு 15100, இல்லேன்னா நாகர்கோவில் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவசம்.

நேர்மை நாடான்:

பொய்ப் புகார் குடுத்தா பொம்பளைக்கும் தண்டனை உண்டுல்லா? அதை மட்டும் மறைக்கீங்களே வக்கீல் சார்.

குழித்துறை ஆத்தங்கரை:

சார் இல்ல, மேடம். மறைக்கவும் இல்ல. 14-வது பிரிவு. நிரூபிக்க முடியலேங்கிற ஒரே காரணத்துக்காக அதைப் பொய்ப் புகார்னு எடுக்கக் கூடாதுன்னு அதே பிரிவுலயே இருக்கு. கெட்ட எண்ணத்தோட குடுத்ததுன்னு தனியா விசாரிச்சு நிலைநாட்டணும். முழுசாப் படிங்க.

தேரூர் குளக்கரை:

தோள்சீலைக்கு, மேல்துணி உடுத்துக உரிமைக்குப் போராடின மண்ணு இது தங்கச்சி! 1859-ல திருவிதாங்கூர் ராஜாவையே உத்தரவு போட வெச்சாங்க நம்ம பெண்கள். நீ ஒரு எடைக்காரனுக்குப் பயப்படலாமா? போய் நாலு அறை விடு!

வடசேரி வெத்தலை:

அண்ணாச்சி, மண்ணு அங்க கிடக்கட்டும். அந்தப் பிள்ளை காலம்பற ஏழு மணிக்கு அதே வேன்ல ஏறணும். அறைஞ்சா கேஸு அவ மேல திரும்பும். நீங்க வந்து சாட்சி சொல்லுவியளா?

கொல்லமாவு நிழல்: (பத்து நாள் கழிச்சு)

எல்லாருக்கும் பதில் போட முடியல, மன்னிக்கணும். நடந்ததைச் சொல்லுகேன்.

சுவர்ல பாத்தேன். தீயணைக்க வாளி படம், ஒரு பழைய காலண்டர், வேற ஒண்ணும் இல்ல.

தட்டு விஷயத்தைப் பக்கத்துப் பலகை அக்காகிட்ட மட்டும் பைய சொன்னேன். அவங்க 20 வருஷமா கத்தி பிடிக்கவங்க. ஒண்ணும் பேசல. மறுநாள் அவன் சாயா குடிக்கப் போன நேரம், அக்கா எந்திரிச்சு போய் எனக்க காலித் தட்டைத் தராசுல வெச்சாங்க. 290 கிராம். எல்லாரும் பாக்கட்டும்னு தட்டை எடுக்காமலே நின்னாங்க. நாங்க பதினாலு பேரு அந்த நம்பரைப் பாத்தோம். அப்ப பின்வரிசையில இருந்து ஒரு பிள்ளை, கல்யாணம் ஆகாதவ, வந்து எட்டு மாசமோ என்னமோ, "எனக்கும் அரைக்கிலோதான் கழிக்கான்"னு சொல்லிச்சு. வேற ஒண்ணும் சொல்லல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு. அவளுக்கு எதுக்குக் கழிக்கான்னு யாரும் கேக்கல.

மாமிகிட்ட சொல்லாம முடியல. நோட்டை அவ பாத்துட்டா. ரெண்டு நாள் எனக்க கூடப் பேசல. மூணாம் நாள் ராத்திரி நான் அடுக்களையில உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தேன், வந்து லைட்டுக்குக் கீழ நாற்காலியை இழுத்துப் போட்டுட்டு, "சவூதிக்கு இப்ப சொல்லாண்டாம்"னு மட்டும் சொன்னா. அவளும் சின்ன வயசுல தல்லுல இருந்தவதான். இப்பவும் அவ விரல் நுனி கறுப்புதான். நான் அதை எப்பவும் பாத்திருக்கேன், ஒண்ணும் கேட்டது இல்ல.

எங்க முக்கு ஜெராக்ஸ் கடைப் பையன் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் தருவான். அதனால மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறிப் போய் ஆறு பிரதி எடுத்தேன். நோட்டுப் பக்கம், கூலிச் சீட்டு 16, வாட்ஸப் படம், எல்லாம் சேத்து ஒரு பிரதிக்கு 27 பக்கம். ஆபீஸ்ல மேனேஜர் வாங்கினாரு, கையெழுத்துப் போட மாட்டேன்னாரு. நேரா போஸ்ட் ஆபீஸ் போய் ஸ்பீடு போஸ்ட் போட்டுட்டேன். திங்கக்கிழமை நாகர்கோவிலுக்கு லீவு போட்டுப் போய் கலெக்டர் ஆபீஸ்லயும் குடுத்து ரசீது வாங்கினேன். பக்கத்துப் பலகை அக்கா சாட்சியில கையெழுத்து போட்டிருக்காங்க. அந்தச் சின்னப் பிள்ளை போடல. நான் நிர்ப்பந்திக்கல.

இன்னும் விசாரணைக்குக் கூப்பிடல. வேன்ல ரெண்டு பேரு எனக்க பக்கத்துல உக்காராம போறாங்க, வெத்தலை அக்கா சொன்ன மாதிரியே. ஆனா அவன் இப்ப முன்சீட்டுல, டிரைவர் பக்கத்துல. நேத்து தராசுல "தட்டை அங்க வைங்க"ன்னு சொன்னான், "வைங்க"ன்னு! எடை ஒம்பது கிலோ நூறு. தட்டுக்கு முந்நூறுதான் கழிச்சான். சீட்டைப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இனி அந்த நோட்டை எழுதணுமா, நிறுத்தலாமா?

வடசேரி வெத்தலை:

நிறுத்தாதே மக்களே. அந்த ஒம்பது கிலோ நூறு சீட்டையும் நோட்டுல ஒட்டு. மனு போன வாரத்துல உன் கைக்குத் திடீர்னு ரெண்டு கிலோ எப்படிக் கூடிச்சுன்னு கமிட்டி அவன்கிட்டல்லா கேக்கணும்.